கறுப்புக் குடையும் கணேசண்ணையின் வரலாறும்

போன சனிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணக் கோட்டை மதிலில் நின்று கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். நல்ல காற்று. பண்ணைக் கடலுக்கு மேலே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது பின்னால் ஒரு குரல்...

"ஏறி வாங்கோ, ஏறி வாங்கோ! முன்னாலை இடம் இருக்கு!"

கச்சான் சரையைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டேன். பக்கத்தில் இருந்த கல்மறைப்புக்குள் போய் ஒளித்துக்கொண்டேன். அறுபது வயதைத் தாண்டிய, வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்குப் புத்தி சொல்லுகிற பெண்மணி மதிலோரம் குந்தியிருக்கும் கோலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

குரலுக்குரியவர் கணேசண்ணை. முன்னாள் பஸ் கொண்டக்டர். இந்நாள் சுற்றுலா வழிகாட்டி. பழைய ஒஸ்ரின் கார் ஒன்றில் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் ஊரின் பழம்பெரும் இடங்களைக் காட்டுவது அவர் தொழில். அவருக்கும் எனக்கும் ஒரு சண்டை கொழுவலும் இல்லை. ஆனால் அவர் அந்த மதிலில் நின்று என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அதை வாயை மூடிக்கொண்டு கேட்க என்னால் முடியாது. என் பக்க நியாயம் விளங்க வேண்டுமென்றால் நீங்கள் முழுக் கதையையும் கேட்கத்தான் வேண்டும்.

என் அக்கா கனடாவில் இருக்கிறார். அத்தான் தவறிய பிறகு அவருக்கு எல்லாமே ஒரே மகன் சுதன்தான். வயது முப்பத்தைந்து. நல்ல வேலை, நல்ல குணம். கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் எடுத்தவுடன் வீட்டில் வைத்துக் காட்ட மாட்டோம். முதலில் கோயிலில் 'தற்செயலாக'ச் சந்திப்போம். இவர்கள் தெற்கு வீதியால் வருவார்கள், அவர்கள் வடக்கு வீதியால் வருவார்கள். ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி நன்றாகப் பார்த்துக்கொண்டு கடந்து போவார்கள். பிடித்தால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால்... யார் யாரைப் பார்த்தது? எல்லோரும் முருகனைப் பார்க்கத்தானே போனோம்! ஒருவருக்கும் மானம் போகாது.

போன வருடம் சுதனுக்கும் நல்லூர்க் கோயிலில் இப்படி ஒரு தற்செயலை ஒழுங்கு செய்தோம். அக்கா அவனை அதே வீதியில் திரும்பத் திரும்பச் சுற்ற வைத்ததில் பிடிபட்டுப்போனோம். அவன் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மா, இன்னொருக்கா எனக்குத் தெரியாமல் இப்பிடிச் செய்தியளெண்டால் நான் இனி ஊருக்கு வரமாட்டன். கலியாணமும் செய்யமாட்டன்" என்றான்.

சொன்னால் சொன்னதுதான். அத்தானின் பிடிவாதம் அப்படியே அவனில் இருக்கிறது.

இந்த வருடமும் தாயும் மகனும் வந்தார்கள். ஒருநாள் நானும் அக்காவும் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று சொன்னார்: "எனக்குச் சீனி வருத்தம், பிறசர் ஒண்டும் கவலையில்லையடி. இவன் வேலையாலை வந்து மைக்ரோவேவுக்கு முன்னாலை நிண்டு, உள்ளுக்கை சாப்பாட்டுக் கோப்பை சுத்துறதைப் பாத்துக்கொண்டு நிப்பான். நான் போனாப் பிறகும் இப்பிடியே தனிய நிண்டு பாப்பானே எண்டுதான்..."

வெங்காயம் உரிக்காமலே அக்கா அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் பின்னாலேயே ஒரு திட்டமும் வரும். என் பிறவிக் குணம் அது.

சுதனுக்குப் பழைய கட்டடங்கள் என்றால் உயிர். இடிந்த சுவரைக் கண்டால் தடவிப் பார்ப்பான். கோயில் என்றால்தானே சந்தேகப்படுவான்? கிணறு, கேணி, கோட்டை என்று கூட்டிப்போனால்?

பெண்ணும் கைவசம் இருந்தாள். துளசி. உடுப்பிட்டி. மிருக வைத்தியர். என்னோடு வேலை செய்த ஒருத்தியின் மச்சாள் மகள். சாதகம் பொருந்திவிட்டது, விசாரித்தும் முடித்துவிட்டோம். ஒரே சிக்கல், அவளுக்கும் இந்தப் பெண் பார்க்கிற அலுவலைக் கண்ணிலும் காட்டக்கூடாது. "அவள் மாடு பாப்பாள், ஆடு பாப்பாள், நாய்க்கு ஊசி போடுவாள். மாப்பிள்ளை பாக்கத்தான் நேரமில்லையாம்" என்று தாய் மனோன்மணி போனில் நொந்துகொண்டார். ஆகவே அந்தப் பக்கத்திலும் இரகசியம். தாய்மாருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

திட்டம் இதுதான். நாங்கள் ஒரு சனிக்கிழமை காலை நிலாவரைக் கிணற்றடிக்குப் போவோம். மனோன்மணியும், கிணறு பார்க்க ஆசை என்று சொல்லி, மகளைக் கார் ஓட்டவைத்து அங்கே வருவார். எங்களோடு ஒன்றாய் வந்து இறங்கினால் வடிவில்லை அல்லவா? அதனால் கொஞ்சம் பிந்தித்தான் வருவார். அடையாளத்துக்கு ஒரு பெரிய கறுப்புக் குடை.

இதற்குள் கணேசண்ணை எப்படி வந்தார்? அவரைக் கொண்டுவந்தது நான்தான். சுதனைத் தனியே விட்டால் காட்டுக்குள் சுவர் தேடிப் போய்விடுவான். பெண் வருமட்டும் அவனை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க நல்ல வாயுள்ள ஒருவர் தேவைப்பட்டார். கேட்டேன், கிடைத்தது. வேண்டியதற்கும் கூடுதலாகவே கிடைத்தது.

காரில் ஏறியதும் கணேசண்ணை சொல்லிவிட்டார்: "தம்பி, நான் சொல்லுற வரலாறு நான் கஷ்டப்பட்டுத் தேடினது. உதுகள் ஒரு புத்தகத்திலையும் இல்லை."

அது சத்தியமான உண்மை. எந்தப் புத்தகத்திலும் இல்லைதான்.

நிலாவரைக் கிணற்றுக்கு அடி இல்லை என்பது ஊர்ப் பேச்சு. இராமர் தண்ணீர் எடுத்த இடமென்றும் சொல்வார்கள். கணேசண்ணை சேட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, எடுத்தார்.

"வடிவாப் பாரும் தம்பி. இதை இப்ப கிணத்துக்கை போடுறன். இது நிலத்துக்குக் கீழாலை போய்க் கீரிமலைக் கேணியிலை மிதக்கும். நாங்கள் றோட்டாலை போறம், இது தண்ணியாலை வருது. ஆர் முந்திப் போறதெண்டு பாப்பம்!"

தேசிக்காய் விழுந்த சத்தம் கேட்டதும் சுதன் சிரித்தான். அந்த நேரம் பார்த்து ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் குடை இறங்கியது. பிறகு அதன் கீழே மனோன்மணி.

மனோன்மணி வழக்கப்படியே நடந்துகொண்டார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் மாப்பிள்ளை எப்படிக் கதைக்கிறார், குரல் எப்படி என்று ஒரு தாய்க்குத் தெரியவேண்டாமா? முதுகைக் காட்டியபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னுக்கு நகர்ந்து எங்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். முகம் வேலியைப் பார்த்தது. காது மட்டும் எங்களிடம் இருந்தது. துளசி காருக்குப் பக்கத்தில் நின்று போனில் யாருக்கோ புண்ணாக்குப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கணேசண்ணை இராமரைப் பாதியில் விட்டார். குடையை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, ஏறுங்கோ, ஏறுங்கோ! நேரம் போட்டுது!"

"அண்ணை, இன்னும் கொஞ்சம் நிண்டு பாப்பமே? எவ்வளவு வடிவான கிணறு..." என்றார் அக்கா. அக்கா பிறந்ததில் இருந்து அந்தக் கிணற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தவர் இல்லை.

"கிணறு எங்கையும் ஓடாது அக்கா. ஏறுங்கோ."

கார் வெளிக்கிட்ட பிறகுதான் விஷயம் வெளியில் வந்தது.

"அந்தக் குடையைக் கண்டனியளே? உது ஓசிக் கேஸ். நாங்கள் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து தொண்டைத் தண்ணி வத்தக் கத்துவம். உவையள் பக்கத்திலை நிண்டு சும்மா கேட்டுக்கொண்டு போவினம். நான் விடமாட்டன்!"

பின் சீற்றில் அக்கா என் கையைப் பிடித்தார். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். முன் சீற்றில் சுதன் விழுந்து விழுந்து சிரித்தான். நிலைமை விளங்குகிறதா? மாப்பிள்ளையைப் பெண்ணிடம் காட்டுவதற்காக நான் பிடித்து வந்த மனிதர், பெண் வீட்டாரைக் கண்டால் காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்! உண்மையைச் சொல்லி நிறுத்தலாம் என்றால் பக்கத்திலேயே சுதன்.

போனை எடுத்து மனோன்மணிக்குக் கீரிமலை என்று ஒரு செய்தி போட்டேன்.

கீரிமலையில் கேணிக் கட்டுக்குப் போனதும் கணேசண்ணை வெற்றியோடு கையை நீட்டினார். படிக்குப் பக்கத்தில் உண்மையாகவே ஒரு தேசிக்காய் மிதந்தது. 

சுதன் குனிந்து பார்த்தான். "அண்ணை, நீங்கள் போட்டது பச்சையெல்லே? இது மஞ்சளா இருக்கு."

கணேசண்ணை கண்ணை மூடித் திறக்கவில்லை. "அவ்வளவு தூரம் வாறதெண்டால் சும்மாவே? வாற வழியிலை பழுத்திட்டுது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு முடிய முதல் மதில் ஓரமாகக் கறுப்புக் குடை தெரிந்தது. கணேசண்ணைக்கும் தெரிந்தது. அந்தக் கேணியில் குளித்துக் குதிரை முகம் மாறிய இளவரசியின் கதை அரைவாசியிலேயே நின்றது. கதைப்படி முகம் மாறுவதற்குள் நாங்கள் காரில் இருந்தோம்.

"உங்கை பாருங்கோ, இஞ்சையும் வந்திட்டினம்! நான் சொன்னனானெல்லே?"

மத்தியானம் ஒரு கடையில் சோறு சாப்பிட்டோம். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கவலை வந்தால் எனக்குப் பசிக்கும்.

பிறகு கந்தரோடை. பனைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கல் தூபிகள் கூட்டமாக இருக்கும் வெளி. கணேசண்ணை அங்கே வரலாற்றைச் சுருக்கிவிட்டார். "இதை ஆர் கட்டினதெண்டு கேட்டால் சண்டை வரும் தம்பி. அதாலை நான் இதுகளைச் சுத்திக் காட்டுறதோடை நிப்பாட்டிப்போடுவன்." அன்றைக்கு அவர் சொன்னவற்றில் புத்தியான வார்த்தை அதுதான்.

இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன். "அண்ணை, உங்களோடை ஒரு கதை. கொஞ்சம் அங்காலை வாறியளே?" என்று மெல்லக் கேட்டேன்.

"என்ன தங்கச்சி, இரகசியமே?"

எந்த மனிதரின் தொண்டையையும் கொண்டக்டர் வேலை கெடுத்துவிடும். அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூட நிமிர்ந்து பார்த்தன. சுதனும் திரும்பினான்.

"ஒண்டுமில்லை... தண்ணிப் போத்தலை எங்கை வைச்சனீங்களெண்டு கேட்டனான்."

சிவப்புக் கார் வந்தது. கணேசண்ணை இந்த முறை ஓடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு எங்களைத் தூபிகளைச் சுற்றி நடத்தினார். மனோன்மணியும் குடையோடு பின்னால் சுற்றினார். அவர் இந்தப் பக்கத்தால் வந்தால் நாங்கள் அந்தப் பக்கத்தால் போனோம். இடையில் ஒருமுறை அக்காவும் மனோன்மணியும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். முதல்நாள் இரவு போனில் ஒரு மணித்தியாலம் கதைத்த இரண்டு பேர்! இருவரும் பனையைப் பார்த்தார்கள். நல்ல பனை.

துளசி எங்கே? அவள் தூபியையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. ஆடு மேய்த்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஒரு ஆட்டின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா ஏதோ கேட்க, ஆறுதலாகப் பதில் சொன்னாள். எழும்பும்போது ஆட்டின் தலையைத் தடவிவிட்டாள்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்கு உவளைத்தான் வேணுமடி" என்றார் என் காதுக்குள். சும்மா ஒரு பெண் பார்க்க வந்த அலுவல், அந்த நிமிடத்தில் அக்காவின் உயிர் அலுவலாகிவிட்டது. ஆனால் மாப்பிள்ளை? காலையில் இருந்து அவன் ஒருமுறையாவது அவள் முகத்தைக் கண்டானா? கணேசண்ணை அவன் தோளைப் பிடித்து மற்றப் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தார்.

கடைசி இடம் கோட்டை. 

பின்னேரம் கோட்டைக்கு யாழ்ப்பாணமே வரும். ஐஸ்கிறீம் வடிய வடியப் பிள்ளைகள், செல்ஃபி எடுக்கும் சோடிகள், காற்று வாங்க வரும் ஓய்வூதியக்காரர். கணேசண்ணை மதிலில் ஏறி நின்று தன் பெரிய பேச்சைத் தொடங்கினார்.

"போர்த்துக்கீசன் கட்டினான். ஒல்லாந்தன் வந்து, உது சரியில்லையெண்டு இடிச்சுப்போட்டுத் திருப்பிக் கட்டினான். வெள்ளைக்காரன் ஒண்டும் கட்டேல்லை, வந்து குந்தினான். அதுக்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்..."

எங்களுக்குத் தெரியும். எல்லோரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தோம்.

அப்போதுதான் மதில் படியில் குடை ஏறி வந்தது. அதற்குப் பின்னால் துளசி. ஒரு கையால் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு மற்றக் கையால் போனை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தாள். கணேசண்ணையின் முகம் சிவந்தது.

"பாத்தியளே! இப்ப வீடியோவும் எடுக்கினம்! நாளைக்கு என்ரை வரலாறு யூடியூப்பிலை போகும்!"

நான் தடுப்பதற்குள் அவர் அங்கே போய்விட்டார். "பிள்ளை! அந்தப் போனை நிப்பாட்டும்!"

துளசி அவரைப் பார்க்காமலே கையைக் காட்டி நிற்கச் சொன்னாள். போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "இழுக்காதேங்கோ! காலைப் பிடிச்சு இழுக்க வேண்டாம் எண்டு சொல்லுறன்! முதல் எத்தினை கால் வெளியிலை தெரியுது?"

கணேசண்ணை தன் காலைக் குனிந்து பார்த்தார். "ஆரின்ரை கால்?"

"கண்டின்ரை கால்!" என்றாள் அவள். போனில் ஒரு மாட்டுக் கொட்டிலும், கன்று போட அந்தரப்படும் பசுவும், அதைவிட அந்தரப்படும் ஒரு மனிதரும் தெரிந்தார்கள்.

கணேசண்ணை விடுவாரா? "கண்டோ மாடோ எனக்குத் தெரியாது. காலமை நிலாவரையிலை நிண்டனியள். கீரிமலையிலை நிண்டனியள். கந்தரோடையிலையும் நிண்டனியள். உதுக்கு என்ன அர்த்தம்?"

துளசி போனைக் கொஞ்சம் தாழ்த்தினாள். நாள் முழுக்கக் கார் ஓடிய களைப்பும் கோபமும் முகத்தில் தெரிந்தன. "ஐயா, அதைத்தான் நானும் கேக்கிறன். கிணறு பாக்கவேணும் எண்டு சொல்லி அம்மா கூட்டிக்கொண்டு வந்தவ. கிணத்தடிக்குப் போக முதல் கீரிமலை எண்டா. அங்கை இறங்க முதல் கந்தரோடை எண்டா." தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, ஏன் காலமை துவக்கம் இவையளுக்குப் பின்னாலை திரியிறியள்? சொல்லுங்கோ."

சுதன் குடையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அக்கா கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தான். நல்லூர் வீதியில் பார்த்த அதே பார்வை. மனோன்மணி உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. இனி அவன் ஊருக்கு வரமாட்டான். அக்கா மைக்ரோவேவுக்கு முன்னால் நிற்கும் பிள்ளையையே பார்த்துக்கொண்டு கண்ணை மூட வேண்டியதுதான்.

சுற்றிவரச் சனம் கூடிவிட்டது. மனோன்மணி குடையை மடக்கினார். அன்றைக்குத்தான் அவர் முகத்தை நான் முழுதாகப் பார்த்தேன். வேர்த்துக் களைத்துப் போயிருந்தார்.

"ஓம் அண்ணை" என்றார் கணேசண்ணையிடம். "நீங்கள் சொன்னது சரி. ஓசியிலை கேக்கத்தான் பின்னாலை வந்தனான். நீங்கள் கதைக்கிறது கேக்க வடிவா இருந்துது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

வாசகர்களே, எங்கள் ஊர்ப் பெண்களை உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் ஒரு பிடி கறிவேப்பிலை வாங்கினால் மறுநாளே முருங்கைக்காய் கொடுத்துச் சரிக்கட்டாமல் நித்திரை கொள்ளமாட்டார்கள். அப்படி ஒருத்தி நாலுபேர் பார்க்க, முன்பின் தெரியாத மனிதரிடம் நான் ஓசிக்கு வந்தவள் என்று சொல்லுகிறார்! மகளுக்காகத் தன் மானத்தை அந்த மதிலில் வைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. திட்டம் போட்டவள் நான், பேச்சு வாங்கியது அவர்.

கணேசண்ணை இதை எதிர்பார்க்கவில்லை. பிறகு முகம் முழுக்க மலர்ந்தது.

"அட, வடிவா இருந்துதே? அதை முதலே சொல்லியிருக்கலாமே தங்கச்சி! ஏன் பின்னாலை நிப்பான்? முன்னாலை வாங்கோ! இடம் இருக்கு!"

சொல்லிவிட்டு, போர்த்துக்கீசனில் இருந்து திரும்பத் தொடங்கினார். மனோன்மணி தலையாட்டிக் கேட்டார். அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். இருவரும் இன்னும் கதைக்கவில்லை. ஆனால் அக்காவின் தோள் அவர் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

துளசி மறுபடி போனைத் தூக்கினாள். மேற்கு வெயில் திரையில் அடிக்க ஒன்றும் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

சுதன் நடந்து போனான். மனோன்மணியின் கையில் இருந்த குடையை, "தாங்கோ அன்ரி" என்று வாங்கினான். அதை விரித்துத் துளசியின் போனுக்கு மேலே பிடித்தான்.

"இப்ப தெரியுதே?"

"ஓம்... கொஞ்சம் சரியுங்கோ. ஆ, காணும்." பிறகு போனில்: "ரண்டு முன்னங்காலும் மூக்கும் தெரியுதெல்லே? அப்ப சரி. இனி ஒருதரும் தொடவேண்டாம். அவள் தன்ரை வேலையைத் தானே பாப்பாள்."

"எல்லாம் சரிவருமே?" என்று சுதன் கேட்டான். பசுவைப் பற்றித்தான்.

"பொறுத்துப் பாப்பம்" என்றாள் அவள்.

ஒரு பக்கம் ஒல்லாந்தன் மதிலைக் கட்டிக்கொண்டிருந்தான். மறு பக்கம் ஒரு கறுப்புக் குடைக்குக் கீழே இரண்டு தலைகள் ஒரு சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் எந்தப் பக்கம் பார்த்தேன் என்று சொல்லவும் வேண்டுமா? வெள்ளைக்காரன் வந்து குந்துகிற நேரத்தில் போனில் இருந்து "போட்டுட்டுது! நாம்பன்! நாம்பன்!" என்று ஒரு கூவல். காளைக் கன்று! ஐஸ்கிறீம் குடித்த பிள்ளைகள் கைதட்டினார்கள். சுதன் சிரித்தான். தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

அதன் பிறகும் அவர்கள் மதிலில் கனநேரம் நின்று கதைத்தார்கள். குடை விரித்தபடியே இருந்தது. வெயில் எப்போதோ போய்விட்டது.

திரும்பி வருவதற்குக் காரில் ஏறினோம். அக்காவுக்குக் கேட்க ஆசை, கேட்டால் பிடிபட்டுவிடுவோம் என்று பயம். நான் இருமிக்கொண்டு வந்தேன். கொக்குவில் திரும்பும் சந்தியில் கணேசண்ணைதான் பேசினார்.

"தம்பி, ஒண்டு சொல்லுறன், கோவியாதையும். அந்த மாட்டு டொக்டர்ப் பிள்ளை நல்ல பிள்ளை போலை கிடக்கு. உமக்கும் வயசு வந்திட்டுது. எனக்கு அவையளைத் தெரியாது. எண்டாலும்... விசாரிச்சுப் பாக்கட்டே?"

அக்கா என் கையைப் பிடித்தார். நான் இருமலை நிறுத்தினேன்.

சுதன் வெளியே பார்த்தபடி சொன்னான்: "ம்... விசாரியுங்கோவன் அண்ணை."

அக்கா என் கையை நெரித்த நெரியில் காப்பு வளைந்துவிட்டது. வாய் மட்டும் கடைசிவரை நடித்தது. "எங்களுக்கு அவையள் ஆரெவரெண்டு ஒண்டும் தெரியாது. நல்லா விசாரிச்சுத்தான் செய்யவேணும்" என்றார். சாதகம் அவருடைய பெட்டிக்குள் பட்டுத் துணியில் சுற்றிக் கிடந்தது!

பிறகு என்ன? கணேசண்ணை வீட்டுக்கு வந்து போகத் தொடங்கினார். எனக்கு எப்போதோ தெரிந்த தகவல்களைப் பெரிய கண்டுபிடிப்புப் போலக் கொண்டுவந்து வைத்தார். அரைவாசி பிழை. "அப்பிடியே! எங்களுக்குத் தெரியாதே!" என்று நான் வியந்து, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். எங்களிடம் இருந்த சாதகமே அவர் கையால் புதிதாக வந்து சேர்ந்தது. தை மாதத்தில் கல்யாணம்.

கனடாவுக்குத் திரும்புவதற்கு வாசலில் பெட்டிகளை ஏற்றும்போது சுதன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"சின்னம்மா, அந்த அன்ரி ஓசியிலை கேக்க வந்தனான் எண்டு சொன்னாவெல்லே... அப்பவே எனக்கு விளங்கீட்டுது. துளசிக்கும் விளங்கீட்டுது. நாங்கள் குடைக்குக் கீழை நிண்டு அதைத்தான் கதைச்சனாங்கள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிறகேனடா பேசாமல் இருந்தனீ? நல்லூரிலை அவ்வளவு கோவிச்சியே!"

"தன்னைத் தானே அவமானப்படுத்திக்கொண்டு ஒரு தாய் நிக்கேக்கை என்னெண்டு கோவிக்கிறது?" என்றான். பிறகு காரைப் பார்த்தான். "அம்மாட்டைச் சொல்லாதேங்கோ. அவ எங்களை ஏமாத்திப்போட்டன் எண்ட சந்தோசத்திலை இருக்கிறா."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இப்போது ஊருக்கே எழுதிவிட்டாயே என்கிறீர்களா? பயப்படாதீர்கள். அக்கா என் பத்தியை ஒரு வாரமும் விடாமல் வாசிப்பதாகச் சொல்லுவார். ஒரு வாரமும் வாசித்ததில்லை.

இனிக் கல்மறைப்புக்கு வருவோம். போன சனிக்கிழமை நான் ஒளித்து நின்றதும் வீண். கணேசண்ணையின் கூட்டம் சரியாக எனக்கு முன்னால் வந்து நின்றது.

"போர்த்துக்கீசன் கட்டினான். ஒல்லாந்தன் இடிச்சுக் கட்டினான். வெள்ளைக்காரன் வந்து குந்தினான். அதுக்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனா இந்த இடத்திலை நடந்த ஒரு விசேசம் உங்களுக்குத் தெரியாது. கலியாணமே வேண்டாமெண்டு நிண்ட ஒரு கனடாப் பெடியனையும், உடுப்பிட்டிப் பிள்ளையையும் பாத்த உடனை, இது பொருந்தும் எண்டு எனக்கு விளங்கீட்டுது. ஆரும் ஒரு உதவியும் செய்யேல்லை. நான் தனிய நிண்டு பேசி முடிச்சனான்!"

கூட்டம் ஆவென்று கேட்டது. ஒரு பெண் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்து, படமும் எடுத்தாள். எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. மூன்று மாதம் விசாரித்தவள் நான். சாதகம் பார்த்தவள் நான். கணேசண்ணையையே கூப்பிட்டவள் நான்! வரலாறு உண்மையில் யாருடையது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. செய்தவருடையது அல்ல. சம்பவம் நடந்த இடத்தில் நின்று சத்தமாகக் கதைக்கிறவருடையது.

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். கணேசண்ணை என்னைக் கண்டுவிட்டார்.

"அட, தங்கச்சி! இஞ்சையே நிக்கிறியள்? இந்தம்மாவும் அண்டைக்குப் பக்கத்திலைதான் நிண்டவ. வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் குடையை மடக்கிவிட்டு நின்ற மனோன்மணியின் முகம் ஞாபகம் வந்தது. அவ்வளவு பெரியதையே விட்டுக்கொடுத்தவர் அவர்.

"ஓம்" என்றேன். வரலாறென்றால் ஒரு சாட்சியாவது வேண்டாமா?